கோடு எங்கே போச்சு? பைஃபோகலில் இருந்து ப்ரோக்ரெஸிவ் வரை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கி, திருத்தியிருக்கிறோம்.)



உங்க வீட்ல 40 வயசைத் தாண்டின யாரையாவது ஒருநாள் கவனிச்சுப் பாருங்க. வாட்ஸப் படிக்கும்போது போன் மெதுவா மூஞ்சியை விட்டுத் தள்ளிப் போகும். மாத்திரை அட்டையில இருக்கிற எக்ஸ்பயரி தேதியைப் படிக்க நம்மளைக் கூப்பிடுவாங்க. ஊசியில நூல் கோக்கிற வேலையும் நமக்குத்தான் வரும். கொஞ்ச நாள் கழிச்சு கண்ணாடிக் கடைக்குப் போவாங்க. அங்கே ஒரு கேள்வி வரும்: "பைஃபோகலா, ப்ரோக்ரெஸிவா?"

ரெண்டுக்கும் விலையில பெரிய வித்தியாசம். பதில் சொல்ல அஞ்சு நிமிஷம்தான் கிடைக்கும். வாங்கின பிறகு தலை சுத்துதுன்னு சொன்னா "பழகிடும்"னு ஒரே வார்த்தைதான் பதில். சில பேருக்கு நிஜமாவே பழகிடும். சில கண்ணாடிகள் பீரோ டிராயருக்குள்ள போயிடும்.

அந்த அஞ்சு நிமிஷக் கேள்விக்குப் பின்னாடி 200 வருஷத்துக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கு. ஒரு ராஜதந்திரி, பியானோ செய்தவர் ஒருத்தர், ஒரு தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், ஒரு ஜெர்மன் கணித நிபுணர்னு நிறையப் பேர் இதுல வர்றாங்க. இன்னைக்கு அந்தக் கதைதான்.

40-ல் என்ன ஆகுது?

தமிழ்ல இதுக்கு வெள்ளெழுத்துன்னு பேரு. சாளேஸ்வரம்னும் சொல்வாங்க. கன்னடத்துல மூக்குக்கண்ணாடிக்கே "சாளீசு"ன்னு ஒரு பேரு உண்டு. இந்தியில சாலீஸ்னா 40. எந்த வயசுல வரும்னு பேரே சொல்லிடுது.

நம்ம கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் ஒரே வடிவத்துல நிக்கிறது இல்லை. தூரத்துல பார்க்கும்போது தட்டையா இருக்கும், கிட்டத்துல பார்க்கும்போது உப்பிக்கும். இந்த மாற்றம் எப்படி நடக்குதுன்னு 1855-ல் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் விளக்கினார். வயதாக ஆக லென்ஸ் இறுகிப்போய், உப்பும் திறன் குறையுது. நெதர்லாந்தைச் சேர்ந்த கண் மருத்துவர் டாண்டர்ஸ் 1864-ல் வெளியிட்ட தன்னோட பெரிய நூலில், இது நோய் இல்லை, எல்லாக் கண்ணிலும் வயதோடு நடக்கிற மாற்றம்னு அளந்து காட்டினார்.

அளவைச் சொன்னா இன்னும் தெளிவாகும். 40 சென்டிமீட்டர் தூரத்துல ஒரு எழுத்தைப் படிக்கக் கண்ணுக்கு 2.5 டயாப்டர் கூடுதல் பவர் வேணும். 25 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தா 4 டயாப்டர். பத்து வயசுக் குழந்தைகிட்ட 10-க்கும் மேல கையிருப்பு இருக்கும். 45 வயசுல அது மூணு, நாலுன்னு சுருங்கிடும். 60-ல் கிட்டத்தட்ட 1. அதனாலதான் போன் தள்ளிப் போகுது. கண்ணால கொடுக்க முடியாத பவரைக் கை கொடுக்குது. ஒரு கட்டத்துல கையோட நீளமும் போதாது.

இதுக்கான முதல் தீர்வு ரொம்பப் பழசு. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியில் முதல் மூக்குக்கண்ணாடி வந்தது. அது கிட்டத்துல படிக்கிறதுக்கான கண்ணாடி. தூரப்பார்வைக்கான கண்ணாடி அதுக்கு ரொம்பப் பின்னாடிதான் வந்தது. ஆனா படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நிமிர்ந்தா எதிர்ல இருக்கிறது எல்லாம் மங்கல். தூரத்துக்கும் கண்ணாடி தேவைப்படுறவங்க ரெண்டு கண்ணாடியை மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டே இருக்கணும். கிட்டத்தட்ட 500 வருஷம் இப்படியே ஓடிப்போச்சு.

சாப்பாட்டு மேசையில் பிராங்க்ளின்

1780-கள். அமெரிக்காவின் தூதராக பெஞ்சமின் பிராங்க்ளின் பிரான்ஸில் இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. 1785 மே மாதம் லண்டனில் இருந்த ஜார்ஜ் வாட்லி என்ற நண்பருக்கு அவர் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. அதில் தன்னுடைய "இரட்டைக் கண்ணாடி" எப்படி வேலை செய்கிறது என்று படம் போட்டு விளக்குகிறார்.

முன்பெல்லாம் அவரும் ரெண்டு கண்ணாடியைச் சுமந்துகொண்டு திரிந்தவர்தான். பயணத்தில் படிக்க ஒன்று, வெளியே வேடிக்கை பார்க்க ஒன்று. இந்த மாற்றல் வேலை சலித்துப்போய், ரெண்டு விதக் கண்ணாடியையும் குறுக்காக வெட்டச் சொல்லி, ஒவ்வொன்றிலும் ஒரு பாதியை எடுத்து ஒரே வளையத்தில் பொருத்தினார். மேல் பாதி தூரத்துக்கு, கீழ் பாதி கிட்டத்துக்கு. இனி கண்ணை ஏற்றி இறக்கினால் போதும்.

அந்தக் கடிதத்தில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. விருந்தில் உட்காரும்போது தட்டில் என்ன இருக்கிறது என்றும் தெரிகிறது, எதிரில் பேசுகிறவரின் முகமும் தெரிகிறது என்கிறார். பிரெஞ்சு அவருக்குப் பழகாத மொழி. பேசுகிறவரின் முக அசைவு தெரிந்தால் பேச்சும் நன்றாகப் புரிகிறது என்கிறார். அதாவது கண்ணாடியால் அவருக்கு பிரெஞ்சு சரியாகக் காதில் விழுகிறதாம்! ஒரு தூதருக்கு இது சின்ன விஷயமா?

இன்னொன்றும் அதில் இருக்கிறது. லண்டனில் கண்ணாடித் தொழிலில் பெயர்பெற்ற டாலண்ட், இந்த இரட்டைக் கண்ணாடி சில குறிப்பிட்ட கண்களுக்குத்தான் ஒத்துவரும் என்று சொல்லியிருக்கிறார். பிராங்க்ளின் அதை மறுக்கிறார். அது எப்படிச் செய்யப்பட்டது என்று டாலண்டுக்குச் சரியாகச் சொல்லவில்லை போலிருக்கிறது என்கிறார். "இது எல்லாருக்கும் செட் ஆகுமா?" என்ற சண்டை, கண்ணாடி பிறந்த காலத்திலேயே தொடங்கிவிட்டது. இன்னும் முடியவில்லை. பிராங்க்ளினுக்கு முன்பே யாராவது செய்திருப்பார்களா என்று வரலாற்றாசிரியர்கள் வாதாடுகிறார்கள். ஆனால் அதைப் போட்டுப் பழகி, அனுபவத்தை எழுதிவைத்து, ஊருக்குப் பரப்பியவர் அவர்தான்.

கோட்டை ஒளித்த காலம்

பிராங்க்ளினின் கண்ணாடியில் மூணு குறைகள். ஒண்ணு, ரெண்டு பாதிக்கும் நடுவில் இருந்த கோடு. ரெண்டு, கண் அந்தக் கோட்டைத் தாண்டும்போது காட்சி சட்டென்று குதிக்கும். மூணு, நடுத்தூரம் என்ற ஒன்று அதில் இல்லவே இல்லை. கிட்டம் உண்டு, தூரம் உண்டு. கை நீட்டினால் எட்டுகிற தூரத்துக்கு ஒன்றும் கிடையாது.

மூணாவது குறையை முதலில் பிடித்தவர் ஜான் ஐசக் ஹாக்கின்ஸ் என்ற ஆங்கிலேயர். நிமிர்ந்து நிற்கிற பியானோ செய்தவர், எழுதும்போதே நகல் எடுக்கும் கருவிக்குக் காப்புரிமை வாங்கியவர். அந்தக் கருவியை தாமஸ் ஜெஃபர்சன் விரும்பிப் பயன்படுத்தினார். 1820-களில் ஹாக்கின்ஸ் மூன்று பாகம் கொண்ட ட்ரைஃபோகலைச் செய்தார். பைஃபோகல் என்ற பெயரும் அவர் வைத்ததுதான் என்கிறார்கள். நடுத்தூரம் கிடைத்தது. ஆனால் கோடு ஒன்றிலிருந்து ரெண்டானது.

அடுத்து வந்தவர்களின் கவலை பெரும்பாலும் கோட்டைப் பற்றியே இருந்தது. துண்டு லென்ஸைப் பசை வைத்து ஒட்டிப் பார்த்தார்கள். 1908-ல் ஜான் போர்ஷ் என்ற அமெரிக்கர் வேறு வகைக் கண்ணாடித் துண்டை லென்ஸுக்குள்ளேயே உருக்கிப் பதித்தார். தடவிப் பார்த்தால் கோடு கைக்குத் தட்டுப்படாது. அதன் பெயர் க்ரிப்டாக். கிரிப்டோ என்று இன்று நாம் சொல்கிறோமே, அதே கிரேக்க வேர், "மறைந்தது" என்று அர்த்தம்.

ஏன் இவ்வளவு மறைக்கணும்? கோடு போட்ட கண்ணாடி எதிரில் இருப்பவருக்கு வயதைச் சொல்லிவிடும். இன்றைக்கும் கோடில்லாத லென்ஸை விரும்புவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஆனால் க்ரிப்டாக் மறைத்தது வெளியே தெரியும் கோட்டை மட்டும்தான். உள்ளே காட்சி குதிப்பது அப்படியே இருந்தது.

அப்பாவின் கண்ணாடியும் ஒரு இன்ஜினியரும்

கோட்டை ஒளிக்காமல் அழித்தே விட்டால்? மேலிருந்து கீழே பவர் படிப்படியாக ஏறினால் கோட்டுக்கே தேவை இல்லையே? 1907-லேயே ஓவன் ஏவ்ஸ் என்ற பிரிட்டிஷ்காரர் இந்த யோசனைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். காகிதத்தில் சரி. ஆனால் அவருடைய லென்ஸ் கடைக்கு வரவே இல்லை.

காரணம் தயாரிப்பு. சாதாரண லென்ஸ் ஒரு பந்தின் துண்டு மாதிரி. எந்த இடத்திலும் ஒரே வளைவு, அதனால் எந்தத் திசையில் தேய்த்தாலும் வடிவம் கெடாது. ப்ரோக்ரெஸிவ் பரப்பில் இடத்துக்கு இடம் வளைவு மாறும். அதைத் துல்லியமாகச் செதுக்கி மெருகேற்றும் இயந்திரம் அன்று இல்லை.

அடுத்து வருபவர் பெர்னார் மேத்தனாஸ், பிரெஞ்சு இன்ஜினியர். 1950-களின் தொடக்கத்தில் அவருக்கு இருபதுகளின் நடுவில் வயது, ஏறக்குறைய நம்ம செட்டு. அப்பாவின் பைஃபோகலைப் போட்டுப் பார்க்கிறார். அந்தக் குதிப்பு அவரை எரிச்சலூட்டுகிறது. அவர் வேலை பார்த்த இடம் பிரான்ஸின் லூனெத்தியே சங்கம். சுருக்கமாக எஸ்ஸெல். 1849-ல் கண்ணாடித் தொழிலாளர்கள் கூடி ஆரம்பித்த கூட்டுறவு அமைப்பு அது. அங்கே அவர் பரப்பை மட்டும் வடிவமைக்கவில்லை. அதைச் செதுக்க இயந்திரம், அளக்கக் கருவி, எல்லாவற்றையும் சேர்த்தே உருவாக்க வேண்டியிருந்தது. 1953-ல் காப்புரிமை. 1959-ல் வாரிலக்ஸ் என்ற பெயரில் லென்ஸ் கடைக்கு வந்தது.

யோசனைக்கும் பொருளுக்கும் இடையே 52 வருஷம்! ஐடியா முதலில் யாருக்கு வந்தது என்பதை விட, அதைச் செய்து காட்டும் இயந்திரம் யாரிடம் இருந்தது என்பது இந்தக் கதையில் பெரிய விஷயம்.

மிங்க்விட்ஸ் போட்ட கணக்கு

இதுவரை கேட்டால் எல்லாம் சுபம் என்று தோன்றும். கோடும் போனது, குதிப்பும் போனது, நடுத்தூரமும் கிடைத்தது. ஆனால் அந்த முதல் லென்ஸைப் போட்டவர்கள் பக்கவாட்டில் பார்த்தபோது கதவும் ஜன்னலும் வளைந்து நெளிந்தன.

இது தயாரிப்புக் குறையா? இல்லை. 1963-ல் குந்தர் மிங்க்விட்ஸ் என்ற ஜெர்மன் கணித நிபுணர் ஒரு தேற்றத்தை வெளியிட்டார். சாரம் இதுதான்: லென்ஸின் நடுக்கோட்டில் மேலிருந்து கீழே பவர் எவ்வளவு வேகமாக ஏறுகிறதோ, அதைப் போல ரெண்டு மடங்கு வேகத்தில், கோட்டிலிருந்து பக்கவாட்டில் விலகும்போது தேவையில்லாத சிலிண்டர் பவர் சேரும். சிலிண்டர் பவர் சேர்ந்தால் பார்வை கலங்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரிப்போர்ட்டில் ஆட் என்று போட்டிருக்கும் எண் +2.00. தூரப் பகுதியிலிருந்து கிட்டப் பகுதிக்கு இறங்கும் பாதையின் நீளம் 14 மில்லிமீட்டர். அப்படியென்றால் ஒரு மில்லிமீட்டருக்கு 0.14 டயாப்டர் ஏறுகிறது. பக்கவாட்டில் அதன் ரெண்டு மடங்கு, ஏறத்தாழ 0.28. அரை டயாப்டர் கலக்கம் வரை கண் பொறுத்துக்கொள்ளும் என்று வைத்துக்கொண்டால், பக்கத்துக்கு 1.75 மில்லிமீட்டர். மொத்த அகலம் மூன்றரை மில்லிமீட்டர். அந்தச் சந்து வழியாகத்தான் கம்ப்யூட்டர் திரையைப் பார்க்கிறீர்கள்.

பாதையை 18 மில்லிமீட்டராக நீட்டினால் அகலம் நாலரை. ஃப்ரேம் சின்னதாக இருக்கிறதே என்று 10 ஆகக் குறைத்தால் வெறும் ரெண்டரை. ஆட் +1.00 மட்டும்தான் என்றால், அதே 14 மில்லிமீட்டர் பாதையில் 7 மில்லிமீட்டர் அகலம் கிடைக்கும். நிஜ லென்ஸில் இந்த எண்கள் கொஞ்சம் முன்பின் இருக்கும். ஆனால் போகிற திசை இதுதான்.

அழித்த கோடு எங்கே போனது என்ற கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது. அது கரைந்து ரெண்டு பக்க ஓரங்களிலும் பரவிவிட்டது. அதன் பிறகு நடந்த வடிவமைப்பு வேலையெல்லாம் அந்தக் கலக்கத்தை எங்கே ஒதுக்குவது என்பதைப் பற்றித்தான். ஓரத்தில் அடர்த்தியாகக் குவித்தால் நடுவில் தெளிவான இடம் அகலமாகக் கிடைக்கும், ஆனால் எல்லை முரட்டுத்தனமாக இருக்கும். பரப்பி விட்டால் எல்லை மென்மையாகும், தெளிவான இடம் குறையும். 1972-ல் வந்த வாரிலக்ஸ் 2 இந்த ரெண்டாவது வழியில் நகர்ந்தது. அதே வருஷம்தான் எஸ்ஸெலும் போட்டி நிறுவனமான சிலோரும் சேர்ந்து எஸ்ஸிலார் ஆனது.

2000-த்தை ஒட்டி ஃப்ரீஃபார்ம் வந்தது. அதற்கு முன் பரப்பு அச்சில் வார்க்கப்பட்டு ரெடிமேடாக வரும், பின்பக்கத்தை மட்டும் பவருக்கு ஏற்பத் தேய்ப்பார்கள். எல்லாருக்கும் ஒரே டெம்ப்ளேட். இப்போது கணினி கட்டுப்படுத்தும் வைர முனை, ஒவ்வொருவருக்கும் தனி ஃபைலைப் படித்துத் தனிப் பரப்பைச் செதுக்கும். முகத்தில் ஃப்ரேம் எவ்வளவு சாய்கிறது, கண்ணிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதையும் கணக்கில் சேர்க்கலாம். இது நல்ல முன்னேற்றம். ஆனால் மிங்க்விட்ஸின் தேற்றத்தை எந்த ஃபைலாலும் மாற்ற முடியாது. பக்கவாட்டில் கலக்கமே இல்லாத ப்ரோக்ரெஸிவ் என்று யாராவது விற்றால் புன்னகையோடு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

மீதியைக் கட்டுவது மூளை

லென்ஸ் கொடுக்க முடியாததை மூளை ஈடுகட்டுகிறது. தலையைத் திருப்பும்போது உலகம் ஆடாமல் தெரிகிறது இல்லையா? காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு தலை எவ்வளவு திரும்பியது என்று சொல்ல, கண் அதே அளவு எதிர்த்திசையில் நகர்கிறது. புது லென்ஸ் ஓரங்களில் காட்சியின் அளவை மாற்றிவிடுவதால், பழைய கணக்கு கொஞ்சம் பிசகுகிறது. அதனால்தான் தரை நீந்துகிற மாதிரி இருக்கிறது. மூளை புதுக் கணக்கைக் கற்றுக்கொள்ளப் பொதுவாக ஒன்று ரெண்டு வாரம் ஆகும். நடுவில் பழைய கண்ணாடிக்கு மாறி மாறிப் போனால் கற்பது தாமதமாகும். ஆட் குறைவாக இருக்கும் வயதிலேயே தொடங்கினால் எளிது. ஏன் என்று மேலே போட்ட கணக்கே சொல்லும்.

ஆனால் எல்லாமே பழகிவிடும் என்று சொல்ல முடியாத ஒரு இடம் இருக்கிறது. படிக்கட்டு. இறங்கும்போது கண் கீழே போகும். அங்கே இருப்பது 40 சென்டிமீட்டருக்கான பவர். காலோ ஒன்றரை மீட்டர் தள்ளி. படியின் விளிம்பு மங்கும். 2002-ல் ஆஸ்திரேலியாவில் 63 முதல் 90 வயது வரையிலான 156 பேரைக் கவனித்த ஆய்வில், பைஃபோகல், ப்ரோக்ரெஸிவ் மாதிரி பல பவர் கண்ணாடி போட்டவர்கள் கீழே விழும் வாய்ப்பு ரெண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. 2010-ல் அங்கேயே 606 பேரை வைத்து நடந்த சோதனையில், வெளியே போகும்போது போட தூரப்பார்வைக் கண்ணாடி ஒன்றைத் தனியாகக் கொடுத்தார்கள். அடிக்கடி வெளியே நடமாடுகிறவர்கள் விழுவது குறைந்தது. வீட்டிலேயே அதிகம் இருப்பவர்கள் வெளியே விழுவது கூடியது. எல்லாருக்கும் ஒரே பதில் இல்லை என்பது டாலண்ட் காலத்திலிருந்து மாறவில்லை.

அப்போ கடையில் என்ன கேட்கணும்?

வரலாறு போதும், அம்மாவைக் கடைக்குக் கூட்டிட்டுப் போறீங்கன்னு வச்சுக்கோங்க.

முதல்ல அவங்க ஒரு நாளைக்கு எதைப் பார்க்கிறாங்கன்னு யோசிங்க. வீட்டு வேலை, கடை கண்ணி, போன்னு எல்லாத் தூரமும் மாறி மாறி வருதுன்னா ப்ரோக்ரெஸிவ் உதவும். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்றவங்களுக்கு நடுத்தூரமும் கிட்டமும் அகலமா இருக்கிற ஆபிஸ் லென்ஸ்னு தனி வகை இருக்கு. அதைப் போட்டு வண்டி ஓட்டக்கூடாது. நூல் கோக்கவும் புத்தகம் படிக்கவும் மட்டும்னா சாதாரணப் படிக்கிற கண்ணாடியே போதும். அதுல தெளிவான இடம் லென்ஸ் முழுக்க!

ரெண்டாவது, ஃப்ரேம் உயரம். ஒல்லியான ஃப்ரேம் பார்க்க அழகா இருக்கும், ஆனா பாதை சுருங்கும். மூணாவது, அளவு. ஃப்ரேமை முகத்துல மாட்டி, ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியா பாப்பா எங்கே இருக்குன்னு குறிச்சாங்களான்னு பாருங்க. மூன்றரை மில்லிமீட்டர் சந்துல ரெண்டு மில்லிமீட்டர் தப்பினா என்ன மிஞ்சும்?

லென்ஸ் வந்ததும் அதுல மையால போட்ட குறிகள் இருக்கும். அழிக்கிறதுக்கு முன்னாடி மாட்டிப் பார்க்கச் சொல்லுங்க. கூட்டல் குறி நேராப் பார்க்கும் பாப்பாவோட நடுவுல உட்காரணும். மை அழிஞ்சாலும் லென்ஸுலயே 34 மில்லிமீட்டர் இடைவெளியில ரெண்டு சின்னப் பொறிப்புக் குறிகள் இருக்கும். அதை வச்சு எப்ப வேணும்னாலும் மறுபடி சரிபார்க்கலாம். ரெண்டு வாரம் ஆகியும் தலை சுத்தினா "பழகிடும்"னு விடாதீங்க. இந்தச் சரிபார்ப்பைக் கேளுங்க.

பழக்கத்துக்கு மூணே விஷயம். பக்கத்துல பார்க்கணும்னா கண்ணை மட்டும் உருட்டாம முகத்தைத் திருப்பணும். படிக்கும்போது தலையைக் குனியாம கண்ணை மட்டும் இறக்கணும். படியிறங்கும்போது நேர் எதிர்: தாடையை நெஞ்சுப் பக்கம் இறக்கி, லென்ஸோட மேல்பகுதி வழியா படியைப் பார்க்கணும். கைப்பிடியையும் விடக்கூடாது.

கடைசியா ஒண்ணு. 2018-ல் அசாம் தேயிலைத் தோட்டங்கள்ல 40 வயசுக்கு மேற்பட்ட 751 தொழிலாளர்களை வச்சு ஒரு சோதனை முடிவு வெளியாச்சு. பாதிப் பேருக்குச் சாதாரணப் படிக்கிற கண்ணாடி கொடுத்தாங்க. கண்ணாடி கிடைக்காதவங்களோட ஒப்பிட்டா, கிடைச்சவங்க பறிச்ச இலை 20 சதவீதத்துக்கும் மேல கூடிச்சு. அவங்களுக்கு அது கூலி. ப்ரோக்ரெஸிவ் இல்லை, ஃப்ரீஃபார்ம் இல்லை, 13-ஆம் நூற்றாண்டுத் தொழில்நுட்பம்தான் அது.

அதனால அம்மாவுக்கு எது விலை கூடினதோ அது நல்லதுன்னு முடிவு பண்ணாதீங்க. எந்த லென்ஸும் எதையோ விட்டுக்கொடுத்துத்தான் எதையோ தருது. எதை விட்டுக்கொடுக்கலாம்னு அவங்களையே கேளுங்க. அந்த அஞ்சு நிமிஷத்தைக் கொஞ்சம் அரை மணி நேரம் ஆக்குங்க.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.